மெய்ஜி வனம்: மனிதர் நட்ட காடு

டோக்கியோவின் ஹராஜுகு புகையிரத நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் ஓர் அடர்ந்த வனத்தின் வாயிலை அடையலாம். 'தோரி' எனப்படும் மரத் தோரணவாயிலைக் கடந்து சரளைக்கற் பாதையில் நடப்பவர், ஆதிக் காடொன்றின் எச்சத்துக்குள் புகுந்துவிட்டதாகவே எண்ணுவார். ஆனால், சுமார் 70 ஹெக்டேயர் பரப்புள்ள இவ்வனத்தின் பெரும்பகுதி மனிதர் திட்டமிட்டு உண்டாக்கியதாகும். அதன் வயது நூறைச் சற்றே தாண்டியுள்ளது.

பேரரசர் மெய்ஜி 1912இல் காலமானார். அவரது துணைவியார் ஷோக்கென் 1914இல் மறைந்தார். இருவரின் ஆவிகளையும் வழிபடவென எழுப்பப்பட்ட ஷிண்டோ ஆலயமே மெய்ஜி ஜிங்கு. 1920 நவம்பரில் அது நிறுவப்பட்டது. ஷிண்டோ மரபில் ஆலயத்தையும் அதைச் சூழ்ந்த தோப்பையும் பிரித்துப் பார்ப்பதில்லை. தெரிவு செய்யப்பட்ட இடத்திலோ பெரும்பாலும் வயலும் புற்றரையுமே இருந்தன.

எந்த மரத்தை நடுவது என்பதில் கருத்து மோதல் எழுந்தது. நிக்கோ ஆலயத்தில் உள்ளவை போன்ற, வானளாவிய 'சுகி' மரங்களே வேண்டுமெனப் பிரதமர் ஒகுமா ஷிகெனொபு வற்புறுத்தினார். வனவியலறிஞர் ஹொண்டா செய்ரொக்கு உடன்படவில்லை. நகரப் புகையும் வறண்ட மண்ணும் சுகிக்கு ஒவ்வா என்று கூறிய அவர், இரு இடங்களிலும் அம்மரம் வளரும் வேகத்தை ஒப்பிட்டுக் காட்டினார். ஈற்றில் பிரதமர் இணங்கினார்.

ஹொண்டாவும் ஹொங்கோ தகனொரி, உஎஹாரா கெய்ஜி ஆகியோரும் வகுத்த திட்டம் எளிமையானது. முதலில் பைன் முதலான ஊசியிலை மரங்கள் உயர்ந்து நிற்கும். அவற்றின் நிழலில் ஓக், கற்பூரம் போன்ற பசுமைமாறா அகன்றஇலை மரங்கள் மெல்ல வளர்ந்து இடத்தைப் பிடிக்கும். சுமார் 150 ஆண்டுகளில் காடு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். ஏறத்தாழ ஒரு இலட்சம் மரங்கள் அன்பளிப்பாக வந்தன. அன்று ஜப்பானின் ஆதிக்கத்தில் இருந்த கொரியாவும் தாய்வானும்கூட மரங்கள் அனுப்பின. இளைஞர் சங்கத்தினரின் தொண்டு ஒரு இலட்சம் ஆள்நாட்களைத் தாண்டியது.

பேரரச வழிபாடு பின்னர் யுத்த வெறிக்குத் துணைபோனதை வரலாறு மறைக்கவில்லை. 1945 ஏப்ரல் விமானக் குண்டுவீச்சில் பிரதான ஆலயம் எரிந்து போயிற்று. காட்டின் பெரும்பகுதி தப்பியது. அவ்வாண்டு டிசம்பரில் நேசநாட்டு ஆக்கிரமிப்பு நிருவாகம் ஷிண்டோவை அரசிலிருந்து பிரித்தது. இன்றுள்ள ஆலயம் 1958இல் மீளக் கட்டப்பட்டது.

பாதையில் உதிரும் இலைகளைப் பணியாளர் கூட்டி, வெளியே கொண்டுசெல்லாது வனத்தரையிலேயே இடுகின்றனர். அதுவே மண்ணுக்கு உரம். முதிர்ந்த காட்டைத் தாம் காணப்போவதில்லை என்பதை அறிந்தே அதனை நட்டவர்கள் வகுத்த ஒழுங்கு இது. நூறாண்டு கடந்தும் அது தவறவில்லை.