எழுத்தைத் தேரில் ஏற்றியவர்கள்



எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைக்குப் பேனர் அடிக்கப் போன வாரம் தென்காசி போயிருந்தேன். கடைக்காரர் என்னிடம் படித்தவர். கணினியில் ஒரு தேர் வடிவம் வரைந்தார். அம்மன் பெயரைத் தட்டினார். கோரல்டிராவில் 'என்வலப்' என்ற வசதியைத் தொட்டார். எழுத்துகள் உச்சியில் குறுகி, அடியில் அகன்று, தேருக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த வசதி அந்த மென்பொருளின் இரண்டாம் பதிப்பிலேயே, 1991-இல், வந்துவிட்டதாம். எழுத்தைச் சுற்றி ஒரு வேலி. வேலியை இழுத்தால் உள்ளே இருக்கும் எழுத்தின் கோடுகளும் கூடவே வளையும்.

தமிழ்ப் புலவர்கள் இதே வேலையை வேறு வழியில் செய்தார்கள். எழுத்தை வளைக்காமல், வடிவத்துக்குப் பொருந்தும் சொல்லைத் தேடினார்கள். அதற்குச் சித்திரகவி என்று பெயர். மிறைக்கவி என்றும் சொல்வார்கள். தண்டியலங்காரம் இதற்கு இலக்கணமே சொல்கிறது.

திருஞானசம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருவெழுகூற்றிருக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு, ஒன்று. அடுத்து ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. இப்படியே ஏழு வரை ஏறி இறங்கும். எண்களைத் தட்டுத் தட்டாகக் கட்டத்தில் எழுதினால் தேர் எழும்பும். ஆழ்வார் பாடியது குடந்தை ஆராவமுதனை. அந்தச் சார்ங்கபாணி கோயிலின் கருவறையும் தேர் வடிவம்தான்.

நாகபந்தம் இன்னும் கடினம். பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடலில் பாட்டு ஓடும். உடல்கள் குறுக்கிடும் இடத்தில் இருக்கும் ஓர் எழுத்து இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் பாம்பு அறுந்துவிடும்.

இதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். நம் ராமநதித் தண்ணீர் போய்ச் சேரும் தாமிரபரணியின் கரையில், ஆழ்வார்திருநகரியில், 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் திருக்குருகைப் பெருமாள் கவிராயர். அவருடைய மாறனலங்காரம் சித்திரகவிகளுக்கு விரிவாக இடம் கொடுத்த நூல். 1929-இல் மறைந்த பாம்பன் சுவாமிகள் வரை இந்த மரபு ஓடி வந்திருக்கிறது. மயில் வடிவில் அடங்கும் மயூரபந்தம் அவர் செய்தது.

ஆனால் நம்மூர் மாப்பிள்ளை பாரதிக்கு இது பிடிக்கவில்லை. 1918 முதல் 1920 வரை கடையத்தில் வாழ்ந்த அவர், தம் 'சின்னச் சங்கரன் கதை'யில் ஜமீன் அரண்மனைப் புலவர்களின் பந்தங்களைக் கேலி செய்திருக்கிறார். உள்ளே சரக்கில்லாமல் வெறும் கட்டம் நிரப்பியவர்கள் மேல் அவருக்கு வந்த கோபம் நியாயமானது.

அந்தக் கேலியை நானும் வகுப்பில் பல வருடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதோடு நிற்கவில்லை. ஒரு நாள் ஒரு பையன் தமிழ் நோட்டில் தன் பெயரை மீன் வடிவத்தில் வளைத்து வளைத்து எழுதியிருந்தான். "பாடத்தைக் கவனிக்காம படமா போடுதே?" என்று அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

அந்தப் பையன்தான் இந்தக் கடைக்காரர்.

பேனரில் அடுத்து, வளைகோட்டின் மேல் ஊர்ப் பெயரை ஓடவிட்டார். பிறகு பெரிதாக்கி ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். "சார், வளைவுல கொம்பு ஒரு பக்கம் சாயும், எழுத்து ஒரு பக்கம் சாயும். கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ஒரே எழுத்துன்னு தெரியாது. நாமதான் சேத்து வைக்கணும்" என்றார். விலகியிருந்த ஒரு கொம்பைக் கையால் நகர்த்திச் சேர்த்தார்.

இத்தனை வருடம் தமிழ் நடத்திய நான் அந்தக் கொம்பைக் கவனிக்கவே இல்லை.

கிழித்த தாளைப் பற்றிச் சொன்னேன். "நெனப்பு இருக்கு சார்" என்று மட்டும் சொன்னார், சிரித்தார். காசு வாங்க மறுத்தார். நான் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

உங்கள் பிள்ளைகள் நோட்டு ஓரத்தில் எழுத்தை வளைத்து விளையாடினால் கிழிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு தேர் வரைந்து கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய தமிழ் வாத்தியார்,
கடையம்.