தமிழ் வலைப்பக்கமும் சிஎஸ்எஸ்ஸும்: தானே கற்றவர்களின் வரலாறு

வலைப்பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழி சிஎஸ்எஸ். எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்பதை எச்டிஎம்எல் சொல்லும். அவை எந்த எழுத்துருவில், எவ்வளவு அகலத்தில், திரையின் எந்தப் பக்கத்தில் அமைய வேண்டும் என்பதை சிஎஸ்எஸ் சொல்லும். நார்வே நாட்டவரான ஹோக்கன் வியூம் லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, 1994 அக்டோபர் 10 அன்று இதன் முதல் முன்மொழிவை வெளியிட்டார். பெர்ட் பாஸ் அவருடன் சேர்ந்துகொண்டார். 1996 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது. உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு என்பதே இதன் அடிப்படை. தமிழ் இணையம் இதைத் தாமதமாகவும், சில இழப்புகளுக்குப் பிறகும்தான் கற்றுக்கொண்டது.

முதல் பக்கங்கள்

தமிழ் எழுத்து இணையத்தில் ஏறிய கதையில் முதலில் வருபவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி. ஆசிரியர், எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். கணினியைப் பாடமாகப் படித்தவர் அல்லர். சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட வலைத்தளம் 1995 அக்டோபரில் தொடங்கப்பட்டபோது, அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர் அவரே. 'இணையம்' என்ற சொல்லையும் அவர் ஆக்கியதாகவே பலரும் கூறுவர். 1999 மே மாதம் காலமானார். ஒரு தமிழாசிரியர் தொடங்கிவைத்த துறை இது என்பதில் என் போன்றவர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அக்காலப் பக்கங்களில் தமிழ் தெரிந்தது ஒரு வகையான வேடம்தான். கணினிக்குள் இருந்தவை ஆங்கில எழுத்துகளின் எண்கள். அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருந்தது. எழுத்துரு படிப்பவர் கணினியில் இல்லையென்றால் வேடம் கலைந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் தெரியும்.

பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ஆங்கிலச் சிறிய 'எம்' இருக்கும் இடத்தில் 'அ' இருக்கும். பெரிய 'எம்' இடத்தில் 'ஆ'. சிறிய 'கே' என்றால் 'ம', பெரிய 'கே' என்றால் 'மு'. சிஎஸ்எஸ்ஸில் தலைப்புகளை எல்லாம் பெரிய எழுத்தாக்க ஒரே ஒரு வரி போதும். ஆங்கிலப் பக்கத்துக்கு அது அலங்காரம். பாமினியில் அமைந்த பக்கத்தில் அதே வரியைப் போட்டால் 'அ' எல்லாம் 'ஆ' ஆகும், 'ம' எல்லாம் 'மு' ஆகும். தோற்றத்தை மாற்றப் போய்ச் சொல்லே மாறிவிடும்! ஒருங்குறித் தமிழுக்கு அதே வரி எதுவும் செய்யாது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாதே. உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் ஏன் பிரிக்க வேண்டும் என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இயங்கு எழுத்துரு

படிப்பவர் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டிய தொல்லையைத் தீர்க்க, பக்கத்தோடு சேர்ந்தே எழுத்துருவும் வரும் முறை 1997 வாக்கில் தோன்றியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரு வகை, நெட்ஸ்கேப்புக்கு வேறொரு வகை. 1998 மே மாதம் வெளியான சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பு இதற்கென ஒரு விதியையே வகுத்தது. தமிழில் இதைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர் அதிராம்பட்டினம் உமர்தம்பி (1953–2006). அவர் செய்த 'தேனீ' எழுத்துருவை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். தமிழ் வலைப்பதிவர் பலர் தங்கள் பக்க வார்ப்புருவைத் திறந்து முதன்முதலில் சேர்த்த சிஎஸ்எஸ் வரிகள் இந்த எழுத்துருவை அழைப்பதற்கானவையே. பாடநூல் இல்லை, வகுப்பு இல்லை. ஒருவர் பக்கத்தின் மூலநிரலைப் பார்த்து இன்னொருவர் எடுத்து ஒட்டினார். எனக்குத் தெரிந்தவரை, தமிழர் பலர் சிஎஸ்எஸ் கற்றது இப்படித்தான்.

இதற்கிடையே குறியாக்கச் சண்டைகளும் நடந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு டாம், டாப் என இரு குறியாக்கங்களைத் தந்தது; திஸ்கி தனி வழியில் வளர்ந்தது. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தும், சாதாரணக் கணினிகளில் அது சரியாகத் தெரிய விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு அரசு அதை ஏற்றது 2010இல். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முந்தைய குறியாக்கங்களில் இருந்த நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. அதனால் அவை பிழைத்தன. மாற்ற ஆளில்லாத பக்கங்கள் இன்று திறந்தாலும் படிக்க முடியாமல் கிடக்கின்றன. எந்தக் குறியாக்கம் என்று தெரிந்தால் சுரதாவின் 'பொங்கு தமிழ்' போன்ற மாற்றிகளில் இட்டு மீட்கலாம். ஊர் மலர், பள்ளி மலர் என்று பழைய கோப்பு வைத்திருப்பவர்கள் இதை ஒத்திப்போட வேண்டாம்.

பக்க அமைப்பு

எழுத்துச் சிக்கல் தீர்ந்த பிறகே பக்க அமைப்பின் மீது தமிழர் கவனம் திரும்பியது. அதுவரை அட்டவணைக்குள் அட்டவணை வைத்துத்தான் பத்திகளைப் பிரித்தார்கள். பிறகு 'ஃப்ளோட்' வந்தது, அதன் பிறகு 'ஃப்ளெக்ஸ்பாக்ஸ்'. 2017 மார்ச்சில் முக்கிய உலாவிகள் 'கிரிட்' முறையை ஏற்றன. இன்று புதிதாகக் கற்பவர் நேராக இவ்விரண்டிலிருந்தே தொடங்கலாம்.

ஆங்கில நூலைப் பார்த்துக் கற்கும் தமிழர் இடறும் இடங்கள் இரண்டு. ஒன்று சொல்லின் நீளம். 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று ஒரு சொல் வந்தால் கைப்பேசித் திரையில் அது கட்டத்தை மீறி வெளியே நிற்கும். நான் முதலில் செய்த பக்கத்துக்கு 900 பிக்சல் அகலம் என்று ஆணியடித்து வைத்திருந்தேன். கைப்பேசியில் பாதி வரிக்கு மேல் தெரியவில்லை. அகலத்தை நிலையாக வைக்காமல் 'மேக்ஸ் விட்த்' என்று மேல் எல்லை மட்டும் கொடுப்பதும், 'ஓவர்ஃப்ளோ ராப்' சேர்ப்பதும் இதற்கு மருந்து.

இன்னொன்று வரி இடைவெளி. இதைத் திருத்தணிக்காரர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும்வரை எங்கள் ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வரியில் எழுதிய பலகை இங்கே புதிதல்ல. தெலுங்கில் கூட்டெழுத்தின் இரண்டாம் மெய் முதல் எழுத்துக்குக் கீழே தொங்கும். தமிழில் 'டி', 'கீ' போன்றவற்றின் கொம்பு மேலே வளையும். 'மு', 'ழு' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் இரு மொழியையும் வைத்தால், மேல் வரியின் அடியும் கீழ் வரியின் தலையும் உரசும். 'லைன் ஹைட்' 1.6 அல்லது 1.7 என்று வைத்துப் பார்ப்பது நல்லது. தெலுங்குக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவே கொடுக்கலாம்.

இப்போது கற்பவருக்கு

ஆங்கிலம் சரளமாக வராதவர்க்கு து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் சிஎஸ்எஸ்' உதவும்; கணியம் வெளியீடாக வந்த கட்டற்ற மின்னூல் அது. கணினியில் ஒரு நோட்பேடும் உலாவியும் இருந்தால் போதும். மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஒரு சிறு பயிற்சி. எண்ணிட்ட பட்டியல் ஒன்றை எழுதி, அதன் 'லிஸ்ட் ஸ்டைல் டைப்' என்ற இடத்தில் 'தமிழ்' என ஆங்கில எழுத்தில் தரச் சொல்வேன். பட்டியலின் எண்கள் உடனே ௧, ௨, ௩ என்று மாறிவிடும்.