தலைவர் பேரில் ஒரு டாட் காம்

போன மாசம் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும், நண்பன் போன் பண்ணினான். "மாப்ளே, தலைவர் பேர்ல ஒரு டொமைன் காலியா இருக்குடா. வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தான். வாங்கிப் போட்டுறவா?"

"வாங்கி என்ன பண்ணப் போறே?"

"இப்போதைக்கு ரசிகர் பக்கம். பின்னாடி அவங்களே வந்து கேட்டா, ஒரு நல்ல விலைக்கு..."

அந்தப் 'பின்னாடி'யில்தான் வில்லங்கம் இருக்குன்னு எனக்குப் பட்டது. அவனுக்குச் சொன்ன பழைய கதையை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

தொண்ணூறுகளில் டொமைன் பதிவு என்பது பந்திக்கு முந்தின கதை. யார் முதலில் வந்தாலும் இலை போடுவார்கள். நீ யாருன்னு கேட்க மாட்டார்கள். புறம்போக்கில் குடிசை போட்டுவிட்டு, பிறகு பட்டா கேட்கிற மாதிரி பலரும் பிரபலங்களின் பெயர்களை வளைத்துப் போட்டார்கள். இதற்கு சைபர் ஸ்குவாட்டிங் என்று பேரும் வந்தது.

1999-ல் இரண்டு விஷயம் நடந்தது. டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு யூ.டி.ஆர்.பி. என்ற தகராறு தீர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. அதே வருஷம் நவம்பரில் அமெரிக்காவில் தனிச் சட்டமே போட்டார்கள். வணிகக் குறியீட்டைக் கெட்ட எண்ணத்தோடு டொமைனாகப் பதிந்தால், ஒரு பெயருக்கு 1,000 டாலரிலிருந்து 1,00,000 டாலர் வரை நஷ்டஈடு கட்டச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம். உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரை, விற்று லாபம் பார்க்கும் நோக்கத்தோடு பதிவதற்கு எதிராகத் தனிப் பிரிவும் உண்டு.

யூ.டி.ஆர்.பி.யில் அபராதம் கிடையாது, பெயர் மட்டும் பறிபோகும். ஆனால் புகார் கொடுப்பவர் மூன்றையும் நிரூபிக்கணும். டொமைன் தன் வணிகக் குறியீட்டோடு ஒத்திருக்கணும். பதிந்தவருக்கு அதில் நியாயமான உரிமை இருக்கக் கூடாது. பதிந்ததும் பயன்படுத்தியதும் கெட்ட எண்ணத்தில் நடந்திருக்கணும்.

2000 மே மாசம் ஜூலியா ராபர்ட்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. அவர் பெயரை ஒருவர் 1998-ல் பதிந்து, ஈபேயில் ஏலத்துக்கும் விட்டிருந்தார். அல் பசினோ உட்பட வேறு நட்சத்திரங்களின் பெயர்களும் அவர் கையில் இருந்தன. "ஜூலியா தன் பெயரை வணிகக் குறியீடாகப் பதியவில்லையே" என்ற வாதம் எடுபடவில்லை. புகழே அந்த உரிமையைத் தந்துவிடுகிறது என்று நடுவர்கள் சொன்னார்கள். பெயர் கைமாறியது.

அதே வருஷம் அக்டோபரில் மடோனா.காம். ஒருவர் அதை 20,000 டாலர் கொடுத்து வாங்கி, ஆபாசத் தளம் நடத்தினார். துனிசியாவில் போய் அந்தப் பெயரை வணிகக் குறியீடாகப் பதிந்தும் வைத்திருந்தார். நெப்ராஸ்காவில் மடோனா பேரில் இருக்கும் மருத்துவமனைக்கே பெயரைக் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கலை. பாடகிதான் ஜெயித்தார்.

இதைப் படித்துவிட்டு "பிரபலம்னா ஜெயம்தான்" என்று முடிவு கட்ட வேண்டாம். ஸ்டிங் என்ற பாடகர் 2000-ல் தோற்றார். அது அகராதியில் இருக்கிற சாதாரணச் சொல். எதிராளியோ பல வருஷமாக இணைய விளையாட்டுகளில் அதையே புனைபெயராக வைத்திருந்தவர். 2001 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் தோற்றார். அவர் பெயரை வைத்திருந்தவர் கனடாக்காரர், ஏகப்பட்ட பிரபலங்களின் பெயர்களைப் பதிந்தவர். ஆனால் அதை ஸ்பிரிங்ஸ்டீனிடம் விற்கப் பார்த்ததற்கு ஆதாரம் இல்லை. கெட்ட எண்ணம் நிரூபணமாகவில்லை என்று மூன்று நடுவர்களில் இருவர் சொன்னார்கள்.

அப்படியானால் கனடாக்காரர் தப்பித்தாரா? இல்லை. அடுத்தடுத்து வந்த வழக்குகளில் கெவின் ஸ்பேசி 2002-லும், டாம் குரூஸ் 2006-லும் தங்கள் பெயர்களை அவரிடமிருந்து மீட்டார்கள். தளத்தைத் திறந்தால் விளம்பரம் ஓடும் வேறொரு பக்கத்துக்குப் போகும் ஏற்பாடுதான் வினையானது. விற்கணும்னு அவசியமில்லை, அடுத்தவர் புகழில் கூட்டம் சேர்த்துக் காசு பார்த்தாலே போதும், மாட்டிக்கொள்ளலாம்.

நம்ம ஊரில்? அமெரிக்கா மாதிரி இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் டொமைன் பெயருக்கும் வணிகக் குறியீடு போன்ற பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டாட் இன் பெயர்களுக்கு 2005 முதல் தனித் தகராறு முறையும் இருக்கு. அருண் ஜெட்லி தன் பெயரிலிருந்த டாட் காமுக்காக டெல்லி உயர் நீதிமன்றம் போனார். 2011 ஜூலையில் தீர்ப்பு அவர் பக்கம். 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு இந்திப் பட வழக்கில் ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை போட்டது. டொமைன் வழக்கு இல்லைதான், ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியுது இல்லையா?

எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. பேர் அவருடையதுதான். ஆனால் அந்தப் பேரைச் சுவரெழுதி, கொடி கட்டி, தொண்டை கிழியக் கத்தி வளர்த்தவன் ரசிகன். அவனுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லையா? எனக்குத் தோன்றுவது இதுதான்: அன்புக்கு இடம் உண்டு, பேரத்துக்குத்தான் இல்லை. 'ரசிகர்கள்' என்று பெயரிலேயே ஒட்டு சேர்த்து, இது அதிகாரப்பூர்வத் தளம் இல்லை என்று முகப்பிலேயே போட்டு, விளம்பரமும் விற்பனையும் இல்லாமல் நடத்தினால் ஆபத்து ரொம்பவே குறையும். சுத்தமாகப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன்.

நண்பன் எல்லாத்தையும் கேட்டான். "அப்போ விற்க முடியாதா?" என்றான்.

"முடியாது."

"அப்ப எதுக்குடா வாங்கணும்?"

அவன் எவ்வளவு பெரிய ரசிகன்னு அப்போதான் தெரிஞ்சுது :-)