வேலையை விட்டவருக்கு உதவித்தொகை உண்டா?

சித்திரை மாதம். திருவாரூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். சம்பாவும் தாளடியும் அறுவடையாகிவிட்டன. தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் எடுத்தாயிற்று. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் திறந்து ஜனவரி 28-ஆம் நாள் மூடுவது மரபு. ஆகவே வாய்க்காலில் தண்ணீர் இல்லை; வயலில் வேலையும் இல்லை.

அக்கிராமத்தில் இருவர் வேலையின்றி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் நடவுக்கும் அறுப்புக்கும் செல்லும் கூலிப் பெண். மற்றவர் திருப்பூர்ப் பின்னலாடை ஆலையில் மூன்றாண்டுகள் உழைத்த இளைஞர். இரவு வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால், "வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். இருவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். இவர்களுள் யாருக்கு வேலையில்லாக் கால உதவித்தொகை கிடைக்கும்?

இதற்கு விடை கூறும் சட்டங்கள் "உனக்கு இப்போது வேலை இருக்கிறதா?" என்று கேட்பதோடு நிற்பதில்லை. "வேலையை நீயாக விட்டாயா, உன்னை விட்டு நீக்கினார்களா?" என்றும் கேட்கின்றன. இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

விட்டுச் செல்வது குற்றம்!

வேலையை விட்டவருக்கு உதவி உண்டா என்று இன்று கேட்கிறோம். ஆனால், விட்டவருக்குச் சிறை உண்டு என்றிருந்த காலமும் நம் நாட்டில் இருந்தது. 1859-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு 'வேலையாட்கள் ஒப்பந்த மீறல் சட்டம்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையைச் செய்யாமல் விட்டால், முதலாளி நடுவரிடம் முறையிடலாம். பணத்தைத் திருப்பித் தரும்படியோ, வேலையை முடிக்கும்படியோ நடுவர் ஆணையிடுவார். அதற்கும் பணியாதவருக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல் விதிக்கலாம். சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கென வந்த இச்சட்டம் பின்னர் வேறு பகுதிகளுக்கும் விரிந்தது. 1925-இல்தான் இதை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டது.

காவிரிப் பாசனப் பகுதியின் பண்ணையாளைக் கட்டிவைக்கச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. அவர் மிராசுதாரிடம் கடன்பட்டிருந்தார். குடியிருந்த குடிசையும் மிராசுதாரின் மனையிலேயே நின்றது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். விலகும் உரிமை ஏட்டில் இருந்தாலும், விலகிப் போவதற்கு ஓரிடம் இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்?

1943-இல் மன்னார்குடிப் பக்கத்துத் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தோன்றியது. பி. சீனிவாசராவ், களப்பால் குப்பு முதலியோர் இவ்வியக்கத்தின் முன்னோடிகள். சவுக்கடியையும் சாணிப்பாலையும் ஒழிக்க வேண்டும், கூலி உயர வேண்டும் என்று அவர்கள் போராடினர்.

1952-இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சைக் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பண்ணையாளை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்றுவதற்கு அது தடை போட்டது. ஆனால் ஓர் ஊரில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேற்படாத நன்செய் உடையவர்களுக்கு அது பொருந்தவில்லை. அதன்பின் பண்ணையாள் முறை மெல்ல மெல்ல அருகித் தினக்கூலி முறை பெருகியது. தினக்கூலிக்காரரை எவரும் நீக்க வேண்டியதில்லை. மறுநாள் கூப்பிடாமல் இருந்தாலே போதும்.

குடியிருப்பு மனையிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க 1961-இல் ஒரு சட்டமும், மனையையே உரிமையாக்க 1971-இல் மற்றொரு சட்டமும் வந்தன. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கடனுக்காக ஒருவர் வேறு வேலைக்குச் செல்லும் உரிமையை இழப்பதையும் கொத்தடிமையின் ஓர் அடையாளமாக வகுத்தது. வேலையை விட்டு விலகும் உரிமை இவ்வாறு படிப்படியாகவே ஏழைக்கு வந்து சேர்ந்தது.

ஆறு வாரம் பட்டினி

இனிக் கடல் கடந்து செல்வோம். உதவித்தொகையைத் தொழிலாளர் காப்பீடாக அமைத்து, நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கிய முதல் நாடு பிரிட்டன். 1911-ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம், கட்டடம், கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில் முதலிய சில தொழில்களைச் சேர்ந்த சுமார் 22½ இலட்சம் பேருக்குப் பொருந்தியது. தொழிலாளியும் முதலாளியும் வாரந்தோறும் ஆளுக்கு இரண்டரைப் பென்னி செலுத்தினர். அரசும் தன் பங்கைச் சேர்த்தது. வேலை போனால் வாரம் 7 ஷில்லிங் வீதம், ஆண்டுக்கு 15 வாரம் வரை கிடைத்தது.

தவறான நடத்தையால் வேலை இழந்தவருக்கும், 'நியாயமான காரணமின்றித் தானாக' வேலையை விட்டவருக்கும் ஆறு வாரங்களுக்கு உதவி இல்லை என்ற விதியும் அச்சட்டத்திலேயே இருந்தது.

இதன் பின்னணியில் இருப்பது காப்பீட்டுக் கணக்கு. வைக்கோற்போருக்குத் தீக்காப்பீடு செய்தவர் தாமே அதற்குத் தீ வைத்தால் இழப்பீடு கேட்க முடியுமா? எதிர்பாராமல் வரும் இழப்பைப் பலரும் பகிர்ந்துகொள்வதே காப்பீடு. தானே வரவழைத்துக்கொண்ட இழப்புக்கும் பணம் கொடுத்தால், பொதுநிதி விரைவில் வற்றிவிடும் என்பது அவர்கள் வாதம்.

வாதம் சரியே. ஆனால் மனிதர் வேலையை விடுவதும் போருக்குத் தீ வைப்பதும் ஒன்றல்ல. கூலி பாக்கி, ஆபத்தான இயந்திரம், தொல்லை தரும் மேற்பார்வையாளர், நோயுற்ற தாய் என்று விலகலுக்குக் காரணங்கள் பல. இதை உணர்ந்துதான் 'நியாயமான காரணமின்றி' என்ற சொற்களைச் சட்டத்தில் வைத்தனர். 1952-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 102-ஆம் உடன்படிக்கையும் இதே சொற்களைக் கையாள்கிறது. காரணமின்றி விலகியவருக்கு உதவியை நிறுத்திவைக்கலாம் என்பதே அதன் கருத்து. விலகிய அனைவரையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட அது சொல்லவில்லை.

நம் நாட்டில்

அதே 1952-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், கான்பூரிலும் தில்லியிலும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் (இ.எஸ்.ஐ.) தொடங்கியது. நோய், மகப்பேறு, பணியில் விபத்து ஆகியவற்றுக்கு அது உதவியது. வேலையிழப்புக்கு அதில் இடமில்லை. ஐம்பதாண்டுகளுக்கு மேல் கடந்து, 2005 ஏப்ரல் 1 முதல், ராஜீவ் காந்தி பெயரிலான திட்டம் வந்தது. ஆலை மூடல், ஆட்குறைப்பு, பணிக்கு வெளியே நேர்ந்த நிலையான ஊனம் ஆகியவற்றால் வேலை இழந்தவருக்கு ஊதியத்தில் பாதி என்பது அதன் ஏற்பாடு. 2018 ஜூலை 1 முதல் அடல் பெயரில் மற்றொரு திட்டம் வந்தது. சராசரி ஊதியத்தில் 25 விழுக்காடு, 90 நாட்கள் வரை, அதில் வழங்கப்பட்டது. கொரோனாக் காலமான 2020-இல் அது 50 விழுக்காடாக உயர்ந்தது.

இவை யாருக்கு இல்லை? ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், வயது முதிர்ந்து ஓய்வுபெற்றவருக்கும், விருப்ப ஓய்வு பெற்றவருக்கும், தானாக வேலையைக் கைவிட்டவருக்கும் இல்லை. நம் திருப்பூர் இளைஞர் கையெழுத்திட்ட ஒரு வரி அவரைக் கடைசிப் பட்டியலில் சேர்த்துவிடும். "எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்று முதலாளி சொல்லி எழுதியிருந்தாலும், தாளில் தெரிவது தொழிலாளியின் கையெழுத்து மட்டுமே. படிக்கும் மாணவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. விலகல் கடிதம் எழுத நேர்ந்தால் விலகுவதற்கான உண்மைக் காரணத்தையும் அதில் எழுதிவைக்க வேண்டும். படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு வற்றினால்?

கூலிப் பெண்ணின் நிலை என்ன? அவர் வேலையை விடவில்லை. அவரை யாரும் நீக்கவுமில்லை. ஆறு வற்றியது, வேலை நின்றது. அவருக்கு ஈட்டுறுதி அட்டை கிடையாது. ஆலைத் தொழிலாளருக்காக எழுதிய கேள்விக்குள் அவர் அடங்கவே மாட்டார்.

2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் இக்கேள்வியை வேறு விதமாகக் கேட்டது. 2007-இல் திருவாரூர் மாவட்டத்துக்கு அது வந்தது. பழைய வேலையை ஏன் விட்டாய் என்று அது கேட்கவில்லை. உழைக்க விருப்பமா என்று மட்டும் கேட்டது. விண்ணப்பித்த 15 நாட்களுக்குள் வேலை தராவிட்டால் அரசு உதவித்தொகை தர வேண்டும். முதல் 30 நாட்களுக்குக் கூலியில் கால் பங்குக்கும், அதன்பின் அரைப் பங்குக்கும் குறையாமல் தர வேண்டும். கொடுத்த வேலையை ஏற்காதவரும், அனுமதியின்றி ஒரு வாரத்துக்கு மேல் வராதவரும் மூன்று மாதங்களுக்கு அந்த உதவித்தொகையைக் கேட்க முடியாது. பிரிட்டனின் ஆறு வாரம் இங்கே மூன்று மாதமாயிற்று. ஆனால் அம்மூன்று மாதத்திலும் அவர் மீண்டும் வேலை கேட்கலாம் என்று சட்டம் தெளிவாகக் கூறியது. உதவித்தொகைக் கதவை மூடினாலும் வேலைக் கதவைத் திறந்தே வைத்தது. நடைமுறையில் அவ்வுதவித்தொகை வழங்கப்பட்டது மிக அரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 டிசம்பரில் இச்சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது.

மீண்டும் நம் கிராமத்துக்கு வருவோம். அந்த இளைஞரின் பாட்டனார் பண்ணையாளாக இருந்திருந்தால், வேலையை விட நினைத்தபோது கடனும் குடிசை மனையும் அவரைத் தடுத்திருக்கும். பேரன் எவரிடமும் அனுமதி கேளாமல் பேருந்தேறி ஊர் வந்துவிட்டார். இது சிறிய மாற்றமன்று. ஆயினும் உதவித்தொகை விதி அவரிடம் "விட்டாயா?" என்று மட்டும் கேட்கிறது, "ஏன் விட்டாய்?" என்று கேட்பதில்லை. 1911-இலேயே எழுதப்பட்ட அந்த இரண்டாவது கேள்வியையும் நம் விதிகள் கேட்கத் தொடங்கினால், விலகும் உரிமை ஏழைக்கு முழுமையாக வந்து சேரும்.