மூங்க் வரைந்த அக்காள்

நார்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் மூங்க் 1868-இல், ஐந்து வயதில், தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். பிள்ளைகள் ஐவரையும் சித்தி காரென் வளர்த்தார். தகப்பனார் இராணுவ டாக்டர், பெரிய பக்திமான். டாக்டர் வீடாக இருந்து என்ன பயன்? 1877-இல் மூத்த மகள் சோஃபியும் 15 வயதில் அதே நோயில் போய்விட்டாள். அந்நோய்க்கு அன்று மருந்து கிடையாது. ஜெபம் ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

1885-இல் மூங்க் அந்தத் துயரத்தைத் தீட்டத் தொடங்கினார். தலையணையில் சாய்ந்த செம்பட்டை முடிச் சிறுமி. பக்கத்தில் தலைகவிழ்ந்த ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு மாதிரியாக உட்கார்ந்தவர் சித்தியேதான்! பூசுவார், சுரண்டுவார், மறுபடி பூசுவார். 1886-இல் கண்காட்சியில் வைத்தபோது, முடிக்காத படம் என்று பலரும் ஏசினார்கள். மனுஷன் விடவில்லை. நாற்பது ஆண்டுகளில் அதே காட்சியை மொத்தம் ஆறு தடவை தீட்டினார்.

எனக்குப் பெரிதாகப் படுவது 1893-இல் அவர் தீட்டிய சாவு அறைப் படம். சோஃபி நாற்காலியில் முதுகு காட்டி இருக்கிறாள், முகம் தெரியாது. உடன்பிறந்தவர்கள் அன்றைய குழந்தைகளாக இல்லை; வளர்ந்த ஆட்களாகவே இருக்கிறார்கள். 1889-இலேயே காலமான தகப்பனாரும் அங்கே நிற்கிறார், கைகோத்து ஜெபித்தபடி.