கடப்பாரையில் பாறை இல்லை

இரும்புக்கடைப் பலகைகளிலும் செய்தித்தாள்களிலும் ‘கடப்பாறை’ என்று வல்லின றகரம் போட்டு எழுதுவது பெருகிவிட்டது. பாறையை உடைப்பதால் கடப்பாறை என்று ஒரு விளக்கமும் கூடவே உலவுகிறது. எழுத்தும் தவறு, விளக்கமும் தவறு.

கல் உடைக்கும் இடத்தில் பாறையைப் பிளப்பவை உளியும் ஆப்பும் சம்மட்டியும். பிளந்த கல்லைப் புரட்டித் தள்ளத்தான் கடப்பாரை வருகிறது. அதன் சொந்த வேலை மண்ணில். எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டிய மரத்தின் தூரைப் பெயர்ப்பதில்.

இராமநாதபுரம் சீமையில் சீமைக்கருவேலந்தூர் எடுப்பவர்களின் கையைப் பார்த்தால் இது விளங்கும். முதலில் தூரைச் சுற்றி மண்வெட்டியால் குழி பறிக்கிறார்கள். வேரில் அப்பிய மண்ணைக் கடப்பாரையின் கூர்முனையால் குத்தி உதிர்க்கிறார்கள். மண்ணோடு சேர்த்துக் கோடரி போட்டால் வாய் மழுங்கிவிடும். பக்கவேர் ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் வெட்டித் துண்டை எடுத்துவிட்டால், அடுத்த வெட்டுக்கு இடம் கிடைக்கும். பிறகு பட்டைமுனையைத் தூருக்கு அடியில் செருகி, ஒரு கல்லை அண்டக் கொடுத்து, மறுமுனையை ஆள் அழுத்த வேண்டும். தூர் அசைந்து ஆணிவேர் தெரிந்ததும் அதையும் வெட்டினால் தூர் கையோடு வரும். தரைமட்டத்தில் அறுத்துவிட்டுப் போனால் பயனில்லை. அந்த மரம் அடித்தூரிலிருந்து பல கிளையாகத் திரும்ப வெடிக்கும். முள்மரத்தை இளசாக இருக்கும்போதே களையச் சொன்ன வள்ளுவர், முற்றியபின் அது வெட்டுகிறவன் கையை வருத்தும் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

தூர் என்ற சொல்லையும் இங்கே பார்த்துவிடலாம். நெற்பயிர் ‘தூர் கட்டுகிறது’ என்று உழவர் சொல்வதும் இதே தூர்தான்: அடியிலிருந்து பல கிளை வெடிக்கும் இடம். ஏரியில் வாரும் தூர் வேறு. தூர்தல் என்றால் மண் அடைத்து மேடாதல். அப்படி அடைத்ததை வாருவதே தூர்வாருதல். இரண்டையும் ஒரே வேரில் கட்டுவது வீண் முயற்சி.

இனி, கடப்பாரையின் பின்பாதியான பாரை. மலையாளத்தில் இந்தக் கருவி ‘பார’, கல்லோ ‘பாற’. ரகர றகர வேறுபாட்டைப் பேச்சிலேயே காப்பாற்றும் மொழி அது. அங்கே இரண்டும் ஒருநாளும் கலப்பதில்லை. ஒருவருக்கு மறைவில் குழி பறிப்பதை ‘பார வைத்தல்’ என்கிறார்கள். அடியில் செருகி நெம்பும் வேலையே அந்த வழக்கிலும் இருக்கிறது. கன்னடத்தில் ‘ஹாரெ’. பால் ஹாலு ஆனதும் பல் ஹல்லு ஆனதும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெலுங்கில் ‘பார’ மண்வெட்டியைக் குறிக்கும். நான்கு மொழியிலும் இது மண்ணைக் கிளறும் இரும்பு.

முன்பாதியைக் ‘கடு’ என்று பிரிப்பவர்கள் உண்டு. அப்படியானால் கடும்பகை, கடுங்காற்று போலக் ‘கடும்பாரை’ என்றல்லவா வந்திருக்கும்? ‘கடம்’ என்றால் காடு, ஆகவே காட்டுப்பாரை என்பதும் நிற்காது. வயலிலும் வீட்டு முற்றத்திலும் புழங்கும் கருவிக்குக் காடு எதற்கு?

தெலுங்கில் முழுச்சொல்லே இருக்கிறது: ‘கட்டபார’. ‘கட்ட’ என்பது கட்டி. தெலங்கானாவில் வெங்காயத்தை ‘உல்லிகட்ட’ என்பதும் இந்தக் கட்டியை வைத்துத்தான். இறுகிய மண்கட்டியை உடைக்கும் பாரை என்பது பொருள். தமிழ்ப் பேச்சிலும் ‘கட்டப்பாரை’ என்று அழுத்திச் சொல்வோர் இன்றும் உண்டு. அவர்களைத் திருத்தப் போகிறவர்கள்தான் திருந்த வேண்டும்.

பெயர் எங்கிருந்து வந்தாலும் கருவி பழையது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் மகளிர், உளி போன்ற வாயுள்ள இரும்புப் பூண் செருகிய கோலால் மண்ணைக் கிளறிப் புல்லரிசி எடுக்கிறார்கள். அந்த வேலைக்குப் புலவர் ஆளும் வினை ‘மிண்டுதல்’: கீழே செருகி மேலே பெயர்த்தல். தூர் எடுப்பவர் ‘நெம்புதல்’ என்பது இதைத்தான். மரக்கோலின் நுனியில் இருந்த இரும்பு, காலப்போக்கில் கோல் முழுவதுமாக ஆகியிருக்கலாம். கிணறு தோண்டப் பயன்பட்ட கணிச்சி வேறு இனம். குந்தாலியைப் போல ஓங்கி வெட்டுவது. பாரையோ குத்துவது, நெம்புவது.

ஆக, பாரை தமிழுக்கும் அதன் உடன்பிறந்த மொழிகளுக்கும் பொதுச்சொத்து. கட்டி சேர்ந்த முழுப்பெயர், டகரம் ஒன்று தேய்ந்து கடப்பாரையாக நிலைத்திருக்கிறது. இதுவே சொல்லுக்கும் பொருந்துகிறது, அது செய்யும் வேலைக்கும் பொருந்துகிறது.