50 வெள்ளியில் மலாக்கா: 1781-ஆம் ஆண்டுப் பிள்ளையாரும் கஜா பெராங் மாரியம்மனும்



வழக்கமாக நாம் இங்கே போடுவது பூசை நேரம், அன்னதான உபயம், திருவிழா அறிவிப்பு. இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். வேலை முடிந்து ஓய்வாக இருக்கும்போது படிங்க.

விஷயம் இதுதான். "மலாக்கா செட்டிங்க தமிழே பேசமாட்டாங்க. அவங்களை எப்படி நம்ம ஆளுங்கன்னு சொல்றது?" என்ற பேச்சு நம்மிடையே அடிக்கடி வருகிறது. அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் இடத்தில்கூட வந்திருக்கிறது. இதற்கு உட்கார்ந்து வாதம் பண்ணுவதைவிட, மலாக்காவுக்கு ஒரு நாள் போய் நடந்து பார்த்துவிட்டு வருவது மேல். நாம் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் வந்தோம்.

முதலில் செலவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். ஏன் என்றால் மலாக்கா என்றாலே ஹோட்டல், படகு சவாரி, பூ வைத்த திரிஷா, கடைத்தெருவில் வாங்கும் சாமான் என்று பணம் ஓடும் ஊர் என நினைக்கிறோம். சிரம்பானிலிருந்து காலை பஸ். மலாக்கா சென்ட்ரலில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் சிவப்புக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு எல்லாமே கால்நடை. தண்ணீர் போத்தல் வீட்டிலிருந்து. மதியம் ஒரு வாழையிலைச் சாப்பாடு. திரும்பும் பஸ்ஸையும் சேர்த்து 50 வெள்ளியைத் தாண்டவில்லை. மாதக் கடைசியிலும் ஒரு தொழிலாளிக்குக் கட்டுபடியாகும் செலவு இது. தனியாகப் போனதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு கல்வெட்டு முன்னால் கால் மணி நேரம் நின்றாலும் "போலாமா?" என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

முதலில் கோட்டை வாசலுக்குப் போனோம். எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் இடம் அது. 1511-இல் அல்புகெர்க் தலைமையில் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். உடனே கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அதற்குக் கல், இங்கே இருந்த பள்ளிவாசல்களையும் சுல்தான்களின் கல்லறைகளையும் இடித்து எடுத்தது. 130 வருடம் கழித்து, 1641-இல் டச்சுக்காரர்கள் வந்து அவர்களை விரட்டினார்கள். வாசலுக்கு மேல் நிமிர்ந்து பார்த்தால் 1670 என்று டச்சுக்காரர்கள் பொறித்த ஆண்டு இன்றும் தெரிகிறது. பிறகு பிரிட்டிஷ்காரர்கள் வந்தார்கள். 1807-இல் வெடிமருந்து வைத்து அந்தக் கோட்டையைத் தகர்த்தார்கள். மிஞ்சியது இந்த ஒரு வாசல்தான். மூன்று வல்லரசுகள் கை வைத்த கோட்டை, இன்றைக்கு வெயிலுக்கு ஒதுங்கி நிற்க உதவுகிறது. அவ்வளவுதான்.

அங்கிருந்து இறங்கி ஆற்றுப் பாலத்தைத் தாண்டணும். பாலத்தின் நடுவில் நின்று தண்ணீரைப் பாருங்க. இவ்வளவு சின்ன ஆறா அவ்வளவு பெரிய துறைமுகம் என்று ஆச்சரியமாக இருக்கும். மலாக்காவின் பலம் ஆற்றில் இல்லை, காற்றில்.

இந்தியாவிலிருந்து வரும் பாய்மரக் கப்பல் தென்மேற்குக் காற்றில் இந்தப் பக்கம் வரும். திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வேண்டும். சீனாவிலிருந்து வரும் கப்பலுக்கு இது அப்படியே தலைகீழ். அவர்கள் வடகிழக்குக் காற்றில் வந்து தென்மேற்குக் காற்றில் திரும்புவார்கள். இரண்டு பேரும் சந்திக்கும் இடம் மலாக்கா. காற்று மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நம் சோழமண்டலக் கரையிலிருந்து, நாகப்பட்டினம், பழவேற்காடு பக்கத்திலிருந்து, துணி வந்தது. பதிலுக்குக் கிராம்பும் ஜாதிக்காயும் போயின. 1512 முதல் சில வருடம் மலாக்காவில் இருந்த தோமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர், இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். சுல்தான் காலத்தில் வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். அதில் ஒருவரின் பொறுப்பில் சோழமண்டலக் கரை வணிகர்கள் வந்தார்கள்.

மாதக்கணக்கில் காத்திருக்கும் மனிதன் என்ன செய்வான்? வீடு எடுப்பான். சாமி கும்பிட ஓர் இடம் பார்ப்பான். நம் தொழிற்சாலை ஹாஸ்டலில் நேப்பாளத்துப் பையன்கள் அறை மூலையில் சாமி படம் வைத்து, தீபாவளிக்கு விளக்கு ஏற்றுவதைப் பார்க்கிறோம் இல்லையா, அதே கதைதான். சில வணிகர்கள் இங்கேயே பெண் எடுத்தார்கள். மலாய்க்காரப் பெண், ஜாவாப் பெண், சீனப் பெண் என்று பல குடும்பங்கள் கலந்தன. பிள்ளைகள் அம்மாவின் மொழியில் பேசினார்கள், அப்பாவின் சாமியைக் கும்பிட்டார்கள். அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள்தான் இன்றைய மலாக்கா செட்டிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட்டித் தொழிலுக்கு வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் வேறு, இவர்கள் வேறு. பெயரை வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். செட்டி சமூகத்தில் பிள்ளை, நாயக்கர், படையாட்சி என்ற பெயர்களும் உண்டு.

ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான் அவர்கள் குடியிருந்த பகுதி. 1613-இல் எரேடியா என்பவர் வரைந்த மலாக்கா வரைபடத்தில் கம்போங் கிளிங் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கு நமக்குக் கோபம் வரும், அது நியாயம். ஆனால் அது கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் கடல் தாண்டி வந்த வணிகனைக் குறித்த பெயர் அது, வசை இல்லை.

அந்த வணிகர்களில் நைனா சட்டு என்று ஒருவர் இருந்தார். 1509-இல் முதலில் வந்த போர்த்துகீசியர்களில் சிலர் இங்கே சிறைப்பட்டபோது அவர்களுக்கு உதவியவர். ஊரைப் பிடித்ததும் போர்த்துகீசியர் அவரைப் பெண்டஹாரா ஆக்கினார்கள். பெரிய பதவி. ஆனால் கம்பார் அரசருக்குக் கொடுப்பதற்காக அதே பதவியை அவரிடமிருந்து எடுத்தார்கள். அந்த அவமானம் தாங்காமல் 1514-இல் அவர் தீ மூட்டி அதில் இறங்கி உயிரை விட்டார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆட்சிக்கு நெருங்கியவரின் கதை அப்படி முடிந்தது.

இப்போது ஜோங்கர் தெருவின் கூட்டத்தை விட்டுவிட்டு, பக்கத்துத் தெருவான ஜாலான் துக்காங் எமாஸுக்கு வாங்க. பொற்கொல்லர் தெரு என்று அர்த்தம். அங்கேதான் ஸ்ரீ பொய்யாத மூர்த்தி விநாயகர் ஆலயம். டச்சு ஆட்சி கொடுத்த நிலத்தில், செட்டி சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டி 1781-இல் எழுப்பிய கோயில். பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்குவதற்கு 5 வருடம் முன்பு. நம் முன்னோர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்த ரப்பர் மரம் இந்த மண்ணுக்கு வருவதற்கு நூறு வருடம் முன்பு, கொஞ்சம் கூடக் குறைய. மலேசியாவில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில் என்று இதைச் சொல்கிறார்கள்.

பெரிய ராஜகோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதீங்க. தெருவோடு தெருவாக, கடைவீடுகளுக்கு நடுவில் அடக்கமாக இருக்கும். உள்ளே கருங்கல் விநாயகர். முருகனும் உண்டு. மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குக் காவடி எடுத்துப் போகும் நம் பக்தர்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்கும். தேர் புறப்படுவது இங்கிருந்துதான். ஆனால் கூட்டத்தில் ஓடும் நாளில் யார் சுவரைப் பார்க்கிறோம்? சாதாரண நாளில் போனால்தான் நின்று பார்க்க முடியும். கோயிலின் உரிமை இன்றும் செட்டி சமூகத்திடம் இருக்கிறது. அன்றாட நிர்வாகம் நகரத்தாரிடம். இரண்டு சமூகம் சேர்ந்து ஒரு விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்கிறது.

கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் அதே வரிசையில் கம்போங் கிளிங் பள்ளிவாசல். 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டியது. அதன் மினாராவைப் பார்த்தால் சீனப் பகோடா போல அடுக்கடுக்காக இருக்கும். இன்னும் நாலு எட்டு வைத்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில், 1600-களில் தொடங்கியது. மூன்றையும் பார்க்க நுழைவுச்சீட்டு எதுவும் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக நின்றால் போதும்.

இங்கிருந்து கஜா பெராங்குக்கு அரை மணி நேரம் நடக்கணும். பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் வராத பக்கம் இது. டச்சுக்காரர்கள் வியாபாரத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டதில் செட்டிகளின் வணிகம் நொடித்தது. கப்பல் போனது, பணம் போனது. நகரத்து வீடுகளை விட்டு ஊருக்கு வெளியே தோட்டம், வயல் பக்கம் குடியேறினார்கள். அதுதான் இன்றைய கம்போங் செட்டி. வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிய வீடுகள். ஒரு சின்ன அருங்காட்சியகமும் இருக்கிறது, கட்டணம் கொஞ்சம்தான். நுழைந்தவுடன் காதில் விழுவது மலாய். பெண்கள் விசேஷத்துக்குக் கட்டுவது கெபாயாவும் சாரோங்கும். நம்மில் பலர் இந்த இடத்தில்தான் முகம் சுளிக்கிறோம்.

கொஞ்சம் பொறுங்க. அவர்கள் பொங்கலுக்கு முதல் நாள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? போகி அன்று வீட்டில் வாழையிலை போட்டு, இறந்துபோன முன்னோருக்குப் படையல் வைக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பார்ச்சு'. இலையில் இருக்கும் பலகாரம் மலாய்ப் பலகாரமாக இருக்கலாம். இலை நம் இலை, கும்பிடும் கை நம் கை. பழக் காலத்தில் பழம் வைத்து இன்னொரு முறை பார்ச்சு செய்கிறார்கள். நம் வீடுகளில் எத்தனை பேர் போகியன்று தாத்தா பாட்டியை நினைத்து இலை போடுகிறோம்? குப்பையை எரித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம்.

அங்கே 1822-இல் எழுந்த ஸ்ரீ முத்து மாரியம்மன் ஆலயம் இருக்கிறது. ஏப்ரல் கடைசி, மே மாதத்தில் நடக்கும் அம்மன் திருவிழாவை அவர்கள் 'டத்தோ சாச்சார்' என்கிறார்கள். இந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் யோசிச்சுப் பாருங்க. மலாயில் சாச்சார் என்றால் அம்மை நோய். நம் ஊரில் அம்மை போட்டால் 'முத்து போட்டிருக்கு' என்போம், 'ஆத்தா வந்திருக்கா' என்போம். முத்து மாரி என்ற பெயரிலேயே அந்த அர்த்தம் இருக்கிறது. தமிழ் வார்த்தை நாக்கிலிருந்து நழுவிய பிறகும், அம்மன் எதற்காக வந்தாள், எதிலிருந்து காப்பாற்றினாள் என்ற விஷயத்தை அவர்கள் விடவில்லை. புதிய மொழியில் மாற்றி வைத்துக்கொண்டார்கள். தமிழ் நன்றாகப் பேசும் நம் பிள்ளைகளிடம் 'முத்து மாரி' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்க. எத்தனை பேர் சொல்வார்கள்?

மொழி போனால் போகட்டும் என்று நாம் சொல்லவில்லை. அது தப்பான முடிவு. செட்டிப் பெரியவர்கள் தேவாரத்தின் பொருள் புரியாமல் கைகூப்பி நிற்பது நமக்கும் வலிக்கத்தான் செய்கிறது. நம் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதும், கோயிலில் தேவார வகுப்பு நடத்துவதும் அதற்காகத்தான். ஆனால் மொழியை மட்டும் அளவுகோலாக வைத்து, நமக்கு முன்னால் இந்த நாட்டில் பிள்ளையாருக்கு விளக்கு ஏற்றியவர்களைத் தள்ளி வைக்க நமக்கு உரிமை கிடையாது. நம் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறியபோது, இங்கே ஏற்கெனவே ஒரு மாரியம்மன் இருந்தாள். அவளை வைத்திருந்தது இவர்கள். வியாபாரமும் நகரத்து வீடும் கைவிட்டுப் போன பிறகும் சாமியை விடாதவர்கள் இவர்கள். நாம் பிறந்தபோதே கோயிலும் குருக்களும் தமிழ்ப்பள்ளியும் பக்கத்தில் இருந்தன. அவர்களுக்கு அந்த வசதி இல்லாமல் எத்தனை தலைமுறை ஓடியது என்று நினைத்துப் பார்க்கணும்.

ஆகவே பக்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்குங்க. காலையிலேயே கிளம்புங்க. மதியத்தில் கோயில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் பொற்கொல்லர் தெருவை முதலில் முடிச்சிடுங்க. வெயில் கடுமை, குடையும் தண்ணீரும் அவசியம். கம்போங் செட்டி மக்கள் வாழும் இடம், காட்சிசாலை இல்லை. வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காமல், வாசலில் உள்ள பெரியவருக்கு முதலில் ஒரு வணக்கம் சொல்லுங்க. மலாயில் பேசினால் மலாயிலேயே பதில் சொல்லுங்க. ஒன்றும் குறைந்துவிடாது. மே மாதம் அம்மன் திருவிழாவுக்குப் போக முடிந்தால் இன்னும் விசேஷம். உண்டியலில் முடிந்ததைப் போடுங்க.

அடுத்த தடவை காய் நறுக்கும் இடத்தில் அந்தப் பேச்சு வந்தால், போய்ப் பார்த்தவர்கள் நாலு பேராவது பதில் சொல்ல இருக்கணும். அதற்காகத்தான் இதை எழுதினோம். படித்தவர்கள் மற்றவர்களுக்கும் பகிருங்கள்.

விநாயகர் திருவடி சரணம். முத்து மாரியம்மன் துணை.